தேயாத கார்பனும் தேய்ந்த துடைப்பமும்

பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? தரையில் விரித்த தார்ப்பாய்களின்மேல் நம் வீடுகளின் வரலாறு கிடக்கும். பிளேடு மழுங்கிய மிக்ஸி ஜார், கொத்திக் கொத்திக் குழிந்த ஆட்டுக்கல், கை படும் இடத்தில் மட்டும் பெயின்ட் போன தையல் மெஷின், அடி கருகிய இட்லிப் பானை. எதைத் தொட்டாலும் ஒரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பு அதில் தேய்மானமாகப் பதிந்திருக்கும்.

ஆனால் அங்கே வரும் பொருட்களில் ஒன்று மட்டும் இந்த வரிசையில் சேராது. அது வாக்குவம் கிளீனர். உருளை வடிவம், அடியில் சின்னச் சக்கரங்கள், பாம்புபோலச் சுருண்ட குழாய். தூசு படிந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும். ஆனால் உழைத்துத் தேய்ந்த களை அதில் இருக்காது. மிக்ஸி உழைத்து ஓய்ந்து சந்தைக்கு வருகிறது. வாக்குவம் கிளீனர் பரணிலிருந்து இறங்கி நேராகச் சந்தைக்கு வருகிறது. அதே வீடு, அதே மின்சாரம், அதே குடும்பம். ஒரு இயந்திரம் ஏன் அடுக்களையில் தேய்ந்தது, இன்னொன்று ஏன் பரணில் தூங்கியது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அப்படி ஒன்றை வாங்கி, பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்துப் பிரித்தேன். பழைய இயந்திரத்தைப் பழுது பார்ப்பதும் ஒருவகை வரலாற்று ஆய்வுதான். ஆவணக் காப்பகத்தில் காகிதம் பேசும். இங்கே ஸ்க்ரூவும் ரப்பரும் பேசும்.

இயந்திரம் சொன்ன சாட்சி

பழைய மின்சாதனத்தை நேராக பிளக்கில் செருகக் கூடாது. முதலில் வயரைப் பாருங்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளில் வயரின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும். அதை முழுதாக மாற்றிவிட வேண்டும். உலோக உடல் என்றால் எர்த் இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முதல் முறை ஓட்டும்போது சீரிஸ் போர்டு வழியாக, அதாவது ஒரு குண்டு பல்பை இடையில் வைத்து, மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மோட்டார் புகையாமல் தப்பிக்கும். எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் இந்தப் பலகை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மின்சாதனங்களோடு புழங்கும் பெண்கள் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? ஓட்டுவது பெண், திறப்பது ஆண் என்பது எழுதப்படாத விதி. உதிரி பாகம் கேட்டுப் போன கடையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “சார் வரலையா?” என்பதுதான்.

மூடியைத் திறந்தேன். குழாய் விரிசல் விட்டிருந்தது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தொட்டதும் உதிர்ந்தது. துணிப்பையில் ஒரு கைப்பிடி சாம்பல்நிறத் தூசு. மோட்டாருக்குள் இருந்த பேரிங்கின் கிரீஸ் மெழுகுபோல இறுகியிருந்தது. இவை எல்லாம் காலத்தின் வேலை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காயும், கிரீஸ் இறுகும்.

உழைப்பின் கணக்கைச் சொல்வது வேறு பாகம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் இரண்டு கரித் துண்டுகள் உண்டு. அவற்றைக் கார்பன் பிரஷ் என்பார்கள். கடையில் வெறுமனே ‘கார்பன்’. நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும் செம்புப் பட்டைகளோடு உரசிக்கொண்டே இருப்பதால், ஓட ஓட அவை குட்டையாகும். பொதுவாகச் சில நூறு மணி நேரம் தாங்கும். ஒரு வீட்டில் தினமும் 20 நிமிடம் ஓட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 மணி நேரம். ஐந்தாறு ஆண்டுகளில் கார்பன் மாற்ற வேண்டி வரும்.

நான் திறந்த மோட்டாரில் கார்பன் இரண்டும் ஏறக்குறைய முழு நீளத்தில் இருந்தன. செம்புப் பட்டைகளில் பள்ளம் இல்லை. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் பளபளத்தன. இயந்திரத்துக்கு வயதாகியிருந்தது, ஆனால் அது வாழவே இல்லை.

குழாயையும் ரப்பர் வளையத்தையும் மாற்றி, பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்து, துணிப்பையைத் துவைத்துக் காயவைத்து மாட்டினால் போதும். பை இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்; உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது என்பதால் தூசு நேராக மோட்டாருக்குள் போய்விடும். தேவையான உதிரிகளில் பாதியை மிக்ஸி சர்வீஸ் கடையிலேயே வாங்கிவிடலாம். காரணம், மிக்ஸிக்குள் இருப்பதும் வாக்குவம் கிளீனருக்குள் இருப்பதும் ஒரே வகை மோட்டார். யுனிவர்சல் மோட்டார் என்பார்கள். அந்தக் கடையில் மிக்ஸி கார்பன் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. வாக்குவம் கிளீனருக்குக் கார்பன் கேட்டு யாரும் வருவதில்லை என்றார் கடைக்காரர்.

ஒரே மோட்டார். ஒன்றின் கரி தேய்ந்து தீர்கிறது. மற்றதன் கரி அப்படியே இருக்கிறது. வித்தியாசம் இயந்திரத்தில் இல்லையென்றால், அது வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆண்கள் ஓட்டிய இயந்திரம்

இந்த இயந்திரம் பிறந்த ஊரில் அதன் கதை வேறு. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் சிசில் பூத் என்ற பொறியாளர், காற்றால் தூசை ஊதித் தள்ளுவதற்குப் பதில் உறிஞ்சி எடுத்தால் என்ன என்று யோசித்தார். அவர் உருவாக்கியது வீட்டுக்குள் நுழையும் பொருளே இல்லை. குதிரை வண்டியில் ஏற்றிவரும் பெரிய பம்பு அது. பெட்ரோல் எஞ்சினில் ஓடும். வண்டி தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த வண்டிதான். அதை ஓட்டியவர்கள் யார்? சீருடை அணிந்த ஆண்கள். கூலி வாங்கிக்கொண்டு வீடு சுத்தம் செய்த ஆண்கள்.

1907-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கான்டன் நகரத்துக் கடை ஒன்றில் துப்புரவுப் பணி செய்துவந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா தொல்லை. பெருக்கும்போது எழும் தூசு மூச்சை அடைத்தது. ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றைச் சேர்த்துக் கையில் பிடித்துத் தள்ளக்கூடிய இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வீட்டில் ஓட்டிப் பார்த்து மெச்சியவர் சூசன் ஹூவர். அவருடைய கணவர் வில்லியம் ஹூவர் காப்புரிமையை வாங்கித் தொழிற்சாலை தொடங்கினார். இயந்திரம் கணவரின் பெயரால் உலகெங்கும் போனது. இங்கிலாந்தில் ‘ஹூவர்’ என்பது வீட்டைச் சுத்தம் செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1921-இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் தரையோடு தரையாகச் சறுக்கிக்கொண்டு வரும் உருளை வடிவ மாடலை வெளியிட்டது. பல்லாவரம் தார்ப்பாயில் நாம் பார்க்கும் உருளைகள் அந்தக் குடும்பத்தின் பேத்திகள்.

இந்தக் கதையில் ஒரு திருப்பத்தைக் கவனியுங்கள். இயந்திரம் பெரிதாக, தெருவில் நின்றபோது அதை ஓட்டியது கூலி வாங்கிய ஆண். அது சுருங்கி வீட்டுக்குள் வந்ததும் ஓட்டியது கூலி வாங்காத மனைவி. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட தன் நூலில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். முன்பு ஆண்டுக்கு ஓரிரு முறை கம்பளங்களை வெளியே எடுத்துப் போட்டு அடிப்பார்கள். அது ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை. இயந்திரம் வந்ததும் அது வாரா வாரம் செய்யும் வேலையானது. செய்பவர் வீட்டுப் பெண் ஒருவரே. வேலை சுலபமானது, ஆனால் குறையவில்லை. சுத்தம் என்பதன் அளவுகோல் உயர்ந்தது. ஜோவன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-இல் வெளியிட்ட கணக்கு இதை உறுதி செய்தது. வெளி வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசி 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார். இத்தனை இயந்திரங்களும் வந்துவிட்ட 1960-களில் சுமார் 55 மணி நேரம்.

அங்கே அந்த இயந்திரம் ஏன் பரணுக்குப் போகவில்லை? வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. பணிப்பெண்களாக இருந்தவர்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். அங்கே நிலையான கூலியும் ஓய்வு நேரமும் இருந்தன. பணிப்பெண் விட்டுச் சென்ற துடைப்பத்தை வீட்டுக்காரியே கையில் எடுக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு இயந்திரம் தேவைப்பட்டது. விளம்பரங்களும் அதை ‘மின்சாரப் பணிப்பெண்’ என்ற தொனியிலேயே விற்றன.

கழுத்தில் டை கட்டி வந்த இயந்திரம்

நம் ஊருக்கு இது பரவலாக வந்தது 1980-களில். டாடா குழுமத்தின் ஃபோர்ப்ஸும் எலக்ட்ரோலக்ஸும் கூட்டுச் சேர்ந்து 1982-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. கடையில் அடுக்கி வைத்து விற்காமல் வீடு வீடாகப் போய் விற்பது அதன் வழி. யூரோசாம்ப் என்று பெயரிடப்பட்ட விற்பனையாளர்கள் டை கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் படியேறி வந்து காலிங்பெல் அடித்தார்கள். அதே நிறுவனத்தின் அக்வாகார்டு தண்ணீர் சுத்திகரிப்பானும் இந்த வழியில்தான் நம் அடுக்களைச் சுவருக்கு வந்தது. 1980, 90-களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ‘டெமோ’ நினைவிருக்கலாம். மெத்தையின்மேல் இயந்திரத்தை ஓட்டி, உறிஞ்சிய தூசை வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டுவார்கள். நீங்கள் சுத்தம் என்று நினைத்த வீடு இது என்பார்கள்.

அந்தத் தாளில் கொட்டியது தூசு மட்டுமல்ல. அந்த வீட்டுப் பெண்மீது ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்தே கொட்டியது. வீடு அழுக்காக இருந்தால் வெட்கப்பட வேண்டியவர் அவர்தான் என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பல வீடுகளில் இயந்திரம் தவணையில் வந்தது. உறவினர்களுக்குக் காட்டப்பட்டது. பிறகு சோபாவுக்கு, பிறகு தீபாவளிக்கு, பிறகு பரணுக்கு.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: நம் வீட்டில் கம்பளம் இல்லை. சிவப்புக் காவித் தரை, மொசைக், டைல்ஸ். கூட்டிவிட்டுத் தண்ணீரால் துடைத்தால் முடிந்தது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. ஏனென்றால் மிக்ஸியும் நமக்காகப் பிறந்தது அல்ல. நம் தேவைக்காக அதை மாற்றிக்கொண்டோம்.

எந்த வேலைக்கு இயந்திரம் வந்தது?

மாவாட்டும் வேலையைச் செய்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஊறவைத்த அரிசியும் உளுந்தும், ஒரு கையில் குழவி, மறுகையால் தள்ளிவிடுவது, மணிக்கணக்கில். கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955-இல் மோட்டார் பொருத்திய வெட் கிரைண்டரை உருவாக்கினார். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1960-களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். மனைவி மாதுரி மாத்தூரின் வெளிநாட்டு மிக்ஸர் பழுதானதும், இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லாததும்தான் தொடக்கம் என்பது பலரும் சொல்லும் கதை. மஞ்சளும் மிளகாயும் உளுந்தும் அரைக்கக்கூடிய வலுவான மோட்டாரை அதில் வைத்தார்கள். அடுக்களையில் யாருக்கோ கை வலித்தது. அந்த வலி ஒரு தொழிலை உருவாக்கியது.

பெருக்குகிறவரின் இடுப்பு வலி ஏன் அப்படி ஒரு தொழிலை உருவாக்கவில்லை? ஈரத் தரைக்கும் பூசை அறைக்கும் தோதாக, சத்தமில்லாமல் ஓடும் மலிவான இயந்திரம் ஒன்றை இங்கே யாரும் பெரிதாக மெனக்கெட்டுச் செய்யவில்லை. ஏன்?

இயந்திரத்தைப் பிரித்தபோது எழுந்த கேள்விக்கு நான் வந்து சேர்ந்த விடை இதுதான். நகரத்து நடுத்தர வர்க்க வீடுகளில், குறிப்பாக ஆதிக்க சாதி வீடுகள் பலவற்றில், அரைப்பது வீட்டுக்காரியின் வேலை. பெருக்குவது வேலைக்காரப் பெண்ணின் வேலை. இந்தப் பிரிவினையைச் செய்தது வசதி மட்டுமல்ல, சாதியும்தான். மடி, தீட்டு பார்க்கும் வீட்டில் அடுக்களைக்குள் வெளியாள் நுழைய முடியாது. பாத்திரம் தேய்க்கும் பெண் கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டும். அவர் தேய்த்து வைத்த பாத்திரத்தின்மேல் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் சட்னி அரைக்க ஆள் வைக்க முடியாது. அரைக்கிறவர் மனைவி, மருமகள். அவர்களுக்கு மாற்றாக வரக்கூடியது இயந்திரம் மட்டுமே. மிக்ஸிக்குத் தீட்டு இல்லை.

துடைப்பத்தின் கதை நேர் எதிர். நம் பேச்சில் அதைவிட இழிவான பொருள் கிடையாது. துடைப்பத்தால் அடிப்பேன் என்பது வெறும் அடி அல்ல, அவமானம். அதை நிமிர்த்தி வைக்கக் கூடாது, விருந்தாளி கண்ணில் படக் கூடாது, விளக்கு வைத்த பிறகு தொடக் கூடாது. இவ்வளவு இழிவு சுமத்திய பொருளை, கையில் காசு வந்ததும் முதலில் வேறொரு பெண்ணின் கையில் கொடுத்தோம். அந்தக் கை இயந்திரத்தைவிட மலிவாக இருந்தது. மின்சாரம் கேட்காது. பழுதானால் வேறு கை கிடைக்கும்.

ஐரோப்பாவில் பணிப்பெண் வெளியேறியதும் வாக்குவம் கிளீனர் உள்ளே வந்தது. இங்கே பணிப்பெண் வெளியேறவே முடியவில்லை. அதனால் வாக்குவம் கிளீனர் பரணைவிட்டு இறங்கவில்லை. தேயாத கார்பனின் பொருள் அதுதான். அந்த வீட்டில் வேறு யாரோ தேய்ந்தார்கள்.

ஆள் வைக்க வசதியில்லாத வீடுகளில் கூட்டுவதும் அரைப்பதும் ஒரே பெண்ணின் வேலை. அந்த வீடுகளுக்கு மிக்ஸியும் டேபிள்டாப் கிரைண்டரும் மின்விசிறியும் அரசின் விலையில்லாத் திட்டத்தின் வழியாக, 2011 செப்டம்பர் 15 முதல் வந்தன. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பெண்ணின் வீட்டு உழைப்பு அரசு கவனிக்க வேண்டிய விஷயம் என்பதை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டியலிலும் பெருக்குகிறவருக்கென்று எதுவும் இல்லை.

சதுப்பு நிலத்தின் ஓரத்திலிருந்து வருகிறவர்கள்

பள்ளிக்கரணையில் தூசுக்குப் பஞ்சமில்லை. ரேடியல் சாலையில் இரவு பகலாக லாரிகள். மேடவாக்கம் பக்கம் மெட்ரோ பணி. திரும்பிய இடமெல்லாம் அடுக்குமாடிக் கட்டுமானம். காலையில் கூட்டிய தரை மாலையில் காலில் நறநறக்கும். கூட்டி அள்ளியதெல்லாம் நீண்ட காலமாகப் பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மேடு இருப்பதும் சதுப்பு நிலத்தின் உடம்பில்தான். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்.

இந்த அடுக்குமாடிகளைப் பெருக்கித் துடைக்க வரும் பெண்களில் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்டு, சதுப்பு நிலத்தின் ஓரங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள். இடம் மாறியபோது வீடு மட்டும் மாறவில்லை. மயிலாப்பூரிலோ சேத்துப்பட்டிலோ நடந்தே போய்ச் செய்த வீட்டு வேலைகள் கைநழுவின. சிலர் விடியலில் பஸ் பிடித்துப் பழைய வீடுகளுக்கே போனார்கள். மற்றவர்கள் ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிகளின் கேட்டில் அடையாள அட்டை காட்டி நுழையப் பழகினார்கள்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. 2018-இல் அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் அறிவிக்கப்பட்டது. மணிக்கு 37 ரூபாயிலிருந்து. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டைக் கூட்டித் துடைக்க அரை மணி நேரம் என்றால், 30 நாளைக்கு 555 ரூபாய். 2018-இல் சட்டம் நிர்ணயித்த கூலியே இவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாய் போட்டு இயந்திரம் வாங்கி, அதைத் தானே தள்ளுவதற்கு எந்த வீட்டுக்குத் தோன்றும்? வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 2011-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை உறுதி ஏற்கவில்லை.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு காலம் வாய்த்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அடுக்குமாடிகளின் கேட் மூடப்பட்டது. வேலைக்கு வரும் பெண்கள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். அப்போது பரணிலிருந்து வாக்குவம் கிளீனர்கள் இறங்கின. தரையில் தானாக ஓடும் ரோபோ கிளீனர்களும் பாத்திரம் கழுவும் இயந்திரங்களும் விற்பனையில் ஏறின. தரை அதே டைல்ஸ் தரைதான்; கம்பளம் ஒன்றும் முளைத்துவிடவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. துடைப்பம் வீட்டுக்காரியின் கைக்குத் திரும்பியிருந்தது. வேலையிழந்த பெண்களுக்கு அந்த மாதங்களில் கூலி கொடுத்தவர்கள் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு.

வீட்டுக்காரியின் கை என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஈடுபட்டவர்களின் கணக்கு மட்டுமே. பெண்களில் 81 சதவீதத்துக்கு மேல் அந்த வேலைகளைச் செய்தார்கள். ஆண்களில் 26 சதவீதம்தான். வேலைக்காரப் பெண் வராவிட்டால் வேலை கணவருக்குப் போவதில்லை. அடுத்த பெண்ணுக்குப் போகிறது.

ஒரே துடைப்பத்தின் இரு முனை

பழுது நீக்கிய இயந்திரம் இப்போது நன்றாகவே ஓடுகிறது. சத்தம் அதிகம். ஆனால் மின்விசிறி இறக்கையையும் ஜன்னல் வலையையும் கட்டிலுக்கு அடியையும் குனியாமல் சுத்தம் செய்ய முடிகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா அதை ஓட்டிப் பார்த்தார். இடுப்புக்கு நல்லது என்றார். கூடவே, இது இருக்கிற வீட்டில் நேரம் மிச்சம்தானே என்று சொல்லிக் கூலியைக் குறைப்பார்கள், இல்லை இன்னும் இரண்டு வேலையைச் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் ஆய்வு செய்து கண்டதை அவர் அனுபவத்தில் சொல்லிவிட்டார். இயந்திரம் மிச்சம் பிடிக்கும் நேரம் யாருக்குப் போகிறது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை.

சட்டம் மெல்ல அசைகிறது. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். சலுகை என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வீட்டு உழைப்புக்கு மதிப்பு உண்டு என்ற பேச்சு நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வந்துவிட்டது. நல்லது. ஆனால் மனைவி செய்தால் சொத்தில் பாதி ஈட்டும் உழைப்பு, அதே வீட்டில் இன்னொரு பெண் செய்தால் 2018 அறிவிப்பின்படி மணிக்கு 37 ரூபாய் என்றால், நாம் மதிப்பது உழைப்பையா, உழைப்பவரின் அந்தஸ்தையா? வீட்டுக்காரியும் வீட்டு வேலைக்கு வருகிறவரும் ஒரே துடைப்பத்தின் இரு முனைகள். ஒருவரின் கணக்கை விட்டுவிட்டு மற்றவரின் கணக்கை நேர் செய்ய முடியாது.

கடைசியாக, மின்சாரமே தேவைப்படாத ஓர் இயந்திரத்தைப் பற்றி. நீண்ட கைப்பிடி உள்ள துடைப்பம். குனியாமல் நின்றபடி பெருக்கலாம். விலை அதிகமில்லை, கடைகளில் கிடைக்கிறது. தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் கையில் நீளக் கம்பு கட்டிய துடைப்பத்தைப் பார்க்கிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குள் இன்றும் இருப்பது குட்டைப் பூந்துடைப்பம்தான். அதைப் பிடிக்க இடுப்பை இரண்டாக மடிக்க வேண்டும். துணியால் துடைக்க மண்டியிட வேண்டும். குனிந்து பெருக்கினால்தான் மூலை முடுக்கு சுத்தமாகும் என்று சொல்கிறவர்களும் பெண்கள்தான். துடைப்பத்தைத் தேர்ந்தெடுக்கும் இடுப்பு வேறு, குனியும் இடுப்பு வேறு என்பதால் இது இப்படியே நீடிக்கிறது.

உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மிக்ஸி கார்பனைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பரணில் என்ன தூங்குகிறது, துடைப்பத்தின் கைப்பிடி எவ்வளவு நீளம், அதை நேற்றுப் பிடித்தது யார், அவருக்கு மாதம் எவ்வளவு, அவருக்கு வார விடுமுறை உண்டா. விடைகளை ஒரு தாளில் எழுதினால் ஒரு குடும்பத்தின் வரலாறு கிடைக்கும். கல்யாண ஆல்பத்தில் இல்லாத வரலாறு. எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சின்னதுதான். இன்று கடைக்குப் போகும்போது, நீளக் கைப்பிடி உள்ள துடைப்பம் ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள். கூலிக் கணக்கை அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம்; ஆனால் கட்டாயம் பேச வேண்டும்.